வீட்டுக் கூடத்துக் கச்சேரி: தனம்மாளின் வெள்ளிக்கிழமைகளும் எங்கள் ஞாயிறுகளும்

மாம்பலம்கூடம் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டுக் கூடத்தில் 1974 முதல் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலரை மணிக்குப் பாட்டு நடக்கிறது. தாத்தா ரயில்வேயில் கணக்கு எழுதியவர். அவருக்குப் பாட வராது, கேட்க வரும். பாட்டிக்கு வீணை. கூடம் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி, சிவப்பு ஆக்ஸைடு தரை, ஊஞ்சலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டால் நாற்பது பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். மைக் ஒருநாளும் வைத்ததில்லை. பாடுகிறவருக்குப் பாட்டி கையால் ஒரு வேட்டியோ புடவையோ, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு கவர். கேட்க வந்தவர்களுக்கு சுண்டல், காபி. இப்போது பாட்டி இடத்தில் அம்மாவும் நானும்.

வீடு அடுத்த வருடம் இடிபடுகிறது, அடுக்குமாடி வரப்போகிறது. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதில் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், மழைக்காலத்தில் பாத்திரம் வைத்துத்தான் அந்த வீட்டில் படுக்கிறோம்.

பாட்டை எங்கே கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. வழக்கமாக வருகிறவர்கள், பக்கத்திலேயே ஒரு சின்ன அரங்கம் வாடகைக்குக் கிடைக்கிறது, நாற்காலி, ஏசி, மைக் எல்லாம் இருக்கிறது, அங்கே மாற்றிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்து வீணைக் கலைஞர் வீணை தனம்மாளின் பெயரைச் சொல்லாமல் பாட்டி ஒரு ஞாயிறையும் தொடங்கியதில்லை, "அந்தம்மா வீட்டு வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கணும்" என்பார். அந்த வீட்டைப் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடத்தில் நடப்பதால் பாட்டுக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா, அல்லது எனக்கிருப்பது வெறும் வீட்டுப் பாசமா?

ஏழுகிணறு எழுதியது:

பாசம் இருந்தால்தான் என்ன அம்மா, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஜார்ஜ் டவுனில். இன்று அங்கே போனால் மொத்தக்கடை, மூட்டை, மீன்பாடி வண்டி, ஹார்ன் சத்தம்தான். நூறு வருடத்துக்கு முன்னால் சென்னையின் சங்கீதமே அந்தத் தெருக்களில்தான் குடியிருந்தது. தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கிப் பாடியதும் இங்கேதான், பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். அவர் காலத்தில் சபா என்ற ஒன்றே கிடையாது. கோயில், கல்யாணப் பந்தல், பெரிய மனிதர் வீட்டுக் கூடம், இவ்வளவுதான் மேடை.

தனம்மாள் வீடு ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்தது. 1867இல் பிறந்தவர், 1938இல் மறைந்தார். பாட்டி காமாட்சி அம்மாள் தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள் பாடகி, சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் கற்றவர். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் தனம்மாளுக்குச் சாத்தனூர் பஞ்சநத ஐயர் வழியாக வந்தன. க்ஷேத்ரக்ஞரின் பதங்களை, அதாவது மெதுவாகப் பாடுகிற காதல் பாட்டுகளை, வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸ் சொல்லிக்கொடுத்தார். அவருக்குக் கண் தெரியாது, பதத்தில் அவ்வளவு தேர்ச்சி என்பதால் "பதம் பாலதாஸ்" என்றே பெயர். ஜாவளி என்கிற துள்ளலான காதல் பாட்டுகளை எழுதிய தருமபுரி சுப்பராயரும் அந்த வீட்டுக்கு நெருங்கியவர். ஒரே கூரையின் கீழே எத்தனை ஆறு வந்து கலந்திருக்கிறது பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கு வைத்தபின் வீணையை எடுப்பார். சுமார் இரண்டு மணி நேரம். பக்கவாத்தியம் கிடையாது, மிருதங்கம் கூட இல்லை. வாசித்துக்கொண்டே சில இடங்களில் கூடவே மெல்லப் பாடுவார். யாராவது பேசினால், அசைந்து சத்தம் செய்தால், வாசிப்பை நிறுத்திவிடுவார். பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து, சத்தம் போடாமல் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிற்காலத்தில் அவருக்கும் பார்வை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

மெழுகும்மெட்டும் எழுதியது:

நான் வீணைக்கு மேளம் கட்டுபவன். அதாவது மெழுகை உருக்கி, கருப்புப் பொடி கலந்து, தண்டி என்கிற நீண்ட கழுத்தின் மேல் ஊற்றி, விரல் வைக்கிற 24 உலோக மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைக்கிற வேலை. அதனால் இதை வேலைக்காரன் பார்வையில் சொல்கிறேன்.

வீணைச் சத்தம் சின்னது. பலா மரத்தில் குடைந்த குடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு மீட்டு மீட்டியதும் ஒலி எழுந்து உடனே இறங்க ஆரம்பித்துவிடும். நம் கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுக்கிற அழகில், பாதி, மீட்டிய அந்தக் கணத்தில் இருப்பதில்லை. மீட்டியபின் இடது கை தந்தியை மெட்டுக்குக் குறுக்கே இழுக்கும்போது வருகிறது, ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது. ஒரே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் இழுத்து வரவேண்டுமென்றால் கடைசி ஸ்வரம் வரும்போது சத்தம் கிட்டத்தட்ட மூச்சுக்காற்று அளவுக்குப் போய்விடும்.

அதைக் கேட்க எவ்வளவு தூரத்தில் உட்காரலாம்? என் அனுபவத்தில் பத்துப் பன்னிரண்டு அடி. அதற்கு மேல் போனால் மீட்டு மட்டும் கேட்கும், இழுப்பு கேட்காது.

தனம்மாள் மிஸ்ராப் என்கிற கம்பி விரலுறை போடாமல் வெறும் நகத்தால் மீட்டியவர். மிருதங்கமும் இல்லை. யாராவது அசைந்தால் நிறுத்தினார் என்பதைப் பலர் "கோபக்காரி" என்ற மாதிரி சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒருவர் இருமினால் அந்தத் தேய்கிற வால் போயிற்று, அதில்தான் ராகமே இருக்கிறது. பெரிய அரங்கத்துக்கு வாசிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, ஒலி தேய விடாமல் அடுத்தடுத்து மீட்டிக்கொண்டே இருப்பார்கள், காலப்பிரமாணமும், அதாவது வேகமும், தானாக ஏறும். பின்னால் வீணையிலேயே ஒலிவாங்கி பொருத்த ஆரம்பித்தபின் சத்தம் கடைசி வரிசை வரை போகிறது, ஆனால் வாசிப்பு மாறிவிட்டது. அது தாழ்வு என்று சொல்ல வரவில்லை, அதில் மகா வித்வான்கள் உண்டு. அது வேறு வாத்தியம் மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கூடம் பதினெட்டடி என்றீர்கள். நீளச் சுவரின் நடுவில் உட்கார்ந்து வாசித்தால் மூலையில் இருப்பவர்களைத் தவிர யாரும் பன்னிரண்டு அடிக்கு மேல் தள்ளி இல்லை. உங்கள் தாத்தா அளந்து கட்டியிருக்க மாட்டார், ஆனால் அளவு பொருந்திவிட்டது.

கடைசிவரிசை எழுதியது:

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்கவேண்டாம். அந்தக் கூடங்களுக்குள் யார் போக முடிந்தது?

என் அப்பா திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவர். சங்கீதப் பைத்தியம். அவர் எந்த வீட்டுக் கூடத்திலும் போய் உட்கார்ந்ததில்லை, யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிடாமல் போகிற தைரியமும் அவருக்கு இல்லை. சபாவில் கடைசி வகுப்பு டிக்கெட் வாங்கி, அதுவும் முடியாதபோது வெளியே ஒலிபெருக்கியில் நின்று கேட்டவர். பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் வந்தது, மியூசிக் அகாடமி 1928இல் வந்தது. மைக் வந்தது. இதெல்லாம் வந்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் காதில் சங்கீதம் விழுந்தது. வீட்டுக் கூடம் என்றால் அறிமுகம் வேண்டும், ஜாதி வேண்டும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேலும் கீழும் பார்ப்பார்கள். அரங்கத்துக்கு மாற்றுங்கள், வாசலில் போர்டு மாட்டுங்கள், யாரும் வரலாம் என்று எழுதுங்கள். இதுதான் என் கருத்து.

அடவு எழுதியது:

கடைசிவரிசை சொன்னது சரியான கேள்வி. அதற்கு ஆமாம் இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் தனம்மாள் வீட்டுக் கூடமும் நீங்கள் சொல்கிற பெரிய மனிதர் வீட்டுக் கூடமும் ஒன்றில்லை.

அது தேவதாசி மரபில் வந்த பெண்ணின் வீடு. வீட்டுக்கு உரியவர் பெண், வித்தைக்கு உரியவர் பெண், மகள் வழியாகத்தான் எல்லாம் இறங்கியது. ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு மகள்கள், அவர்களிடமிருந்து பேரப்பிள்ளைகள். வெளியே சபாக்களை நடத்தியவர்கள் ஆண்கள், யார் பாடலாம் என்று முடிவு செய்ததும் அவர்கள். திருவையாற்றிலேயே தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாமல் இருந்தது, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களுக்கென்று தனியாகவே ஆராதனை நடத்தவேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்தச் சமாதிக்குக் கோயில் கட்டியதே அவர்தான். அப்படிப்பட்ட காலத்தில், ஒரு பெண் தன் வீட்டில், தான் வகுத்த நேரத்தில், தான் வகுத்த விதிப்படி வாசிக்க, ஊரிலிருந்த பெரிய வித்வான்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள் என்றால் அதன் எடை என்ன என்று யோசித்துப் பாருங்கள். பேசினால் நிறுத்திவிடுவார் என்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன். மெழுகும்மெட்டும் சொன்ன ஒலிக் காரணமும் உண்மை, இதுவும் உண்மை.

அதே சமயம் அதை ஒரு தேன்கூடு மாதிரி வர்ணிப்பதும் எனக்குப் பிடிக்காது. அந்த வீட்டில் கடன் இருந்தது, கஷ்டம் இருந்தது. கூடம் என்பது அவர்கள் உழைக்கும் இடம். வெளியே அந்தச் சமூகத்துப் பெண்களைப் பற்றி என்னென்ன பேச்சு! தேவதாசி ஒழிப்பு விவாதம் 1920களின் கடைசியிலேயே சட்டசபைக்கு வந்துவிட்டது, சட்டம் 1947இல் வந்தது. அந்தச் சட்டம் எதைத் தடுத்தது, கூடவே எதைத் துடைத்தது என்பது தனி இழைக்கான விஷயம். ஆனால் பல வீடுகளில் அந்தக் கூடங்கள் அப்படியே வாய்மூடிப்போயின. பாடிக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் பேத்திகளுக்குக் கூடச் சொல்லித்தரவில்லை. இந்த ஒரு குடும்பம் விடவில்லை. ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதிக்கு ஏழு வயதில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். ஊரே ஆட்டத்தை இழிவாகப் பார்த்த காலத்தில் ஒரு சிறுமியை ஆட விட்ட வீடு அது. நட்டுவனார்களான தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளை குரு, பாட்டுக்கு அம்மா ஜயம்மாள்.

நான் நடனம் கற்றவள். பாலாம்மா, அதாவது பாலசரஸ்வதி, அபிநயத்துக்குத் தானே பாடிக்கொண்டு ஆடியதைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்தபடியே ஒரு பதத்துக்கு அபிநயம் பிடிப்பது, கண்ணிமை ஒன்று தாழ்வதில் ஒரு வரி முழுக்கச் சொல்வது, இதெல்லாம் கூடத்தில் பிறக்கிற காரியம். ஆயிரம் பேர் அரங்கத்தில் கண்ணிமை எங்கே தெரியும்?

இசைத்தட்டு எழுதியது:

தனம்மாள் 1930களில் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்குக் கொடுத்த தட்டுகள் இருக்கின்றன. கேட்காதவர்கள் தேடிக் கேளுங்கள். வயது அறுபதுக்கு மேல். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும், அவர் வாசிக்கிற மெதுவான காலத்துக்கு அது ஒரு பல்லவி சுற்றிவரவே போதாது, ஆனாலும் அந்த மூன்று நிமிடத்தில் அவசரப்படவே இல்லை.

நான் முதல்முறை கேட்டபோது ஏமாந்துதான் போனேன், இதையா இவ்வளவு சொல்கிறார்கள் என்று. பஸ்ஸில், காதில் மாட்டிக்கொண்டு கேட்டது. அப்புறம் ஒருநாள் ராத்திரி மின்சாரம் போயிருந்தது, மின்விசிறி இல்லை, ஃப்ரிட்ஜ் சத்தம் இல்லை, கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து மெதுவாகப் போட்டேன். அந்தக் கீறல் சத்தத்துக்குக் கீழே ஒரு ஸ்வரம் இன்னொன்றுக்குள் நழுவிப் போனதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அன்றைக்குத்தான் ஏழுகிணறு சொன்ன அந்த வெள்ளிக்கிழமை அமைதி என்னவாக இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரிந்தது.

மாம்பலம்கூடம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான் இரண்டு வரி பதில் வரும் என்று நினைத்தேன்.

கடைசிவரிசை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரவு அம்மாவிடம் கேட்டேன். ஐம்பது வருடத்தில் நம் கூடத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று. அம்மா யோசித்துச் சொன்ன பெயர்களில் முக்கால்வாசி உறவு, மீதி தாத்தாவின் ஆபீஸ். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் தினமும் எங்கள் ஜன்னல் அடியில்தான் நிற்பார், முதல் ஞாயிறு அன்று வண்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளிக்கொள்வார். உள்ளே வாருங்கள் என்று யாரும் அவரைக் கூப்பிட்டதாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மெழுகும்மெட்டும், உங்கள் பதிவை அச்செடுத்து வீணை உறை மேல் வைத்திருக்கிறேன். பாட்டி வாசிக்கும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், மே மாதத்தில் கூட. நாங்கள் முணுமுணுப்போம். காரணம் இப்போது தெரிகிறது.

ஒரு கேள்வி. தனம்மாளுக்குப் பின் அந்த வீடு என்ன ஆயிற்று? கூடம் போனபின் பாட்டு எப்படிப் பிழைத்தது? எனக்கு இப்போது வேண்டியது அந்தப் பதில்தான்.

குளிர்நாட்டான் எழுதியது:

அந்தப் பதிலில் ஒரு பகுதி நான் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஒரு சிறிய ஊர், அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகம். ஜயம்மாளின் பிள்ளைகள், அதாவது பாலசரஸ்வதியின் தம்பிகள், மிருதங்கம் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கே பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். ரங்கநாதன் 1963இல் அங்கே வேலைக்குப் போனார். பெயருக்கு முன்னால் வரும் "டி" தஞ்சாவூர். பாட்டியின் பாட்டி ஆடிய ஊரைப் பெயரோடு சுமந்துகொண்டு பனி பெய்கிற ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் பாடிக் கேட்டிருப்பீர்கள். அவர் இவர்களிடம் கற்றவர், 1984இல் விபத்தில் இறந்தது பெரிய இழப்பு. விஸ்வநாதன் குழலை ஊதுவார் என்பதைவிடக் குழலில் பாடுவார் என்றுதான் சொல்லவேண்டும், வாசித்துக்கொண்டிருப்பவர் நடுவில் குழலை இறக்கிவிட்டு வாயாலேயே அந்த வரியைப் பாடி, மறுபடி எடுப்பார். பாட்டி வீணையோடு பாடிய பழக்கம்தானே அது. 2002இல் விஸ்வநாதன் மறைந்தார். வெஸ்லியனில் நவராத்திரி விழா இன்றும் உண்டு.

நான் அவரிடம் நேரடியாகக் கற்றவனில்லை. அவர் வழியில் கற்ற ஒருவர் வீட்டில், கம்பளம் விரித்த ஒரு சிறிய அறையில், வெளியே வழிப்பாதைப் பனியை யாரோ வாரிக்கொண்டிருக்க, எட்டு பேர் உட்கார்ந்து ஒரு பதத்தை மூன்று மாதம் கற்றோம். ஒரே பதம். அந்த அறைக்கும் ராமகிருஷ்ண செட்டித் தெருவுக்கும் எட்டாயிரம் மைல் இருக்கும். பாட்டில் அந்தத் தூரம் தெரியவில்லை.

ஏழுகிணறு எழுதியது:

இன்னொரு கிளை பிருந்தா, முக்தா. தனம்மாளின் மகள் காமாட்சியின் பெண்கள், இருவரும் பாடகிகள். பிருந்தா 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார், முக்தா 2007 வரை இருந்தார். இளம் வயதில் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்றார்கள். பிருந்தாவுக்கு 1976இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, அதற்கு மூன்று வருடம் முன்னால், 1973இல் பாலசரஸ்வதிக்கு. ஒரே பாட்டியின் இரண்டு பேத்திகள், ஒன்று பாட்டு, ஒன்று ஆட்டம்!

பிருந்தா அம்மாள் கல்லூரியிலும் சொல்லிக்கொடுத்தார், அமெரிக்காவில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவரிடம் பதம் கேட்டுப் போனவர்கள் பட்டியலைப் பார்த்தால், மேடையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள் எல்லாம் இருப்பார்கள். ராம்நாட் கிருஷ்ணன் அவர்களில் ஒருவர். பெரிய அரங்கங்களை நிறைக்கிறவர்கள், சின்ன அறையில் உட்கார்ந்து ஒரு பதத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

தனம்மாளிடமே நேரடியாகக் கற்றவர்களில் ரங்கராமானுஜ ஐயங்காரும் சாவித்திரி ராஜனும் உண்டு. ஐயங்கார் நூற்றுக்கணக்கில் கிருதிகளை ஸ்வரப்படுத்திப் புத்தகமாகப் போட்டார். சாவித்திரி ராஜன் வீட்டோடு வைத்து வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். இந்த வழியும் வேண்டும், அந்த வழியும் வேண்டும்.

தாதர்தமிழச்சி எழுதியது:

மும்பையிலிருந்து ஒரு சின்னச் சேர்க்கை. பாடகி அருணா சாயிராம் பிருந்தாவிடம் கற்றது எங்கே தெரியுமா? அவர் பெற்றோரின் மும்பை வீட்டில். பிருந்தா வந்து அங்கே தங்கிச் சொல்லிக்கொடுப்பார். அருணாவின் தாயார் ராஜலட்சுமி சேதுராமனும் பாடகி. ஊர்விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பங்களில் அப்போது வித்வான்கள் வந்தால் தங்குவது வீட்டில்தான், ஹோட்டல் என்ற பேச்சே இல்லை. காலையில் காபியோடு ஒரு ராகம், மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பதம். தாதர், மாட்டுங்கா பக்கம் அப்படி எத்தனையோ ஹால்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அவ்வளவு பெரியவர்கள் இல்லை, ஆனால் சோபாவைத் தூக்கி பால்கனியில் போட்டுவிட்டு ஜமக்காளம் விரித்த ஞாயிறுகள் எனக்கும் உண்டு.

அதனால் சொல்கிறேன், மாம்பலம்கூடம், ஃபிளாட்டில் நடக்காது என்று நினைக்காதீர்கள். எங்களுடையது ஃபிளாட்தான். சில விஷயம் மட்டும் கவனிக்கவேண்டும். பாட்டு நேரத்தில் யார் வீட்டிலும் குக்கர் வைக்கவேண்டாம் என்று மாடியில் இருப்பவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுவோம், பதிலுக்கு அவர்களுக்கும் சுண்டல் உண்டு. காலிங் பெல் கம்பியைப் பிடுங்கிவிடவேண்டும். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைத்தால் தாமதமாக வருகிறவர்கள் சத்தமில்லாமல் நுழையலாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால் ஒலி எகிறும், மூன்று பக்கமும் கனமான திரைச்சீலையோ, இல்லையென்றால் ரஜாய், போர்வையையோ தொங்கவிட்டுப் பாருங்கள், ரொம்ப வித்தியாசம் தெரியும். ஏசியை அரைமணி முன்னால் ஓடவிட்டு, தம்பூரா சுருதி சேர்க்கும்போது நிறுத்திவிடுங்கள்.

கடைசிவரிசை எழுதியது:

இஸ்திரி வண்டிக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை. என் அப்பா அப்படித்தான் ஒரு ஜன்னலடியில் நின்றிருப்பார்.

மெழுகும்மெட்டும், அடவு, குளிர்நாட்டான் சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தபின் என் யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மைக் இல்லாமல், பன்னிரண்டடிக்குள் கேட்டால்தான் கேட்கும் பாட்டு ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது அரங்கத்தில் செத்துப்போகும். ஆனால் அந்தப் பன்னிரண்டடிக்குள் யார் உட்காரவேண்டும் என்பதில் நான் சொன்னதில் மாற்றமில்லை. சின்ன அறை இருக்கட்டும், கதவு பெரிதாக இருக்கட்டும். நாற்பது இடத்தில் பத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு ஒதுக்குங்கள். கீழே கேட்டருகே ஒரு அட்டையில் நாளும் நேரமும் எழுதி மாட்டுங்கள். பெயர் கேட்காதீர்கள், யாரைத் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மெழுகும்மெட்டும் எழுதியது:

கடைசிவரிசை சார், அந்தப் பத்தில் ஒரு இடம் எனக்கு. வேலைக்காக எத்தனையோ வீட்டுக் கூடத்துக்குள் போயிருக்கிறேன், வீணையை வாங்கி வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே கூலி கொடுத்து அனுப்பிய வீடுகளும் அதில் உண்டு. மேளம் கட்டிய வீணையை வாசிக்கக் கேட்க உட்காரச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

மாம்பலம்கூடம் எழுதியது:

நேற்று அம்மா, நான், சித்தி மூவரும் உட்கார்ந்து பேசினோம். அரங்கம் வேண்டாம் என்று முடிவு. வீடு கட்டி முடியும்வரை இரண்டு தெரு தள்ளி சித்தியின் ஃபிளாட்டில் நடக்கும். ஹால் பதினாறுக்குப் பதினொன்று, கொஞ்சம் சின்னது, முப்பது பேர்தான். கட்டுகிறவரிடம் பேசி, எங்கள் பங்குக்கு வரும் ஃபிளாட்டில் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவர் எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஊஞ்சல் பலகையையும் கொண்டுபோகிறோம். வித்வான் உட்கார மேடையாகப் போடலாம் என்பது அம்மாவின் யோசனை, அரை அடி உயரம் கிடைக்கும்.

இஸ்திரி வண்டிக்காரர் இப்போது இல்லை. அவர் மகன் அதே முனையில்தான் இருக்கிறார். நேற்று மாலை போய்ச் சொன்னேன். அவருக்குப் பாட்டில் அவ்வளவு இஷ்டம் இல்லையாம், ஆனால் அவருடைய பெண் பத்தாவது படிக்கிறாள், பள்ளியில் பாடுவாளாம், அவளை அனுப்புகிறேன் என்றார். முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறேன்.

மெழுகும்மெட்டும் ஐயா, நீங்கள் அவசியம் வாருங்கள். பாட்டியின் வீணையில் நான்காவது மெட்டுப் பக்கம் மெழுகு விட்டிருக்கிறது, ஆனால் அதற்காகக் கூப்பிடவில்லை. வேலையை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், அன்றைக்குக் கேட்க மட்டும் வாருங்கள். கடைசிவரிசை, உங்களுக்கும்தான். முகவரியைத் தனிமடலில் அனுப்புகிறேன். முதல் ஞாயிறு, நாலரை மணி. மின்விசிறி ஓடாது, கைத்துண்டு எடுத்து வாருங்கள்.